ரெண்டு மாசம் சும்மா நிக்கப் போற வண்டி

கடைசி எக்ஸாம் முடிந்த மறுநாள் ஹாஸ்டலில் எல்லாவற்றுக்கும் ஒரு ஏற்பாடு நடக்கும். பெட்ஷீட் வீட்டுக்குப் போகும். பக்கெட் ஜூனியருக்குப் போகும். ட்ராஃப்டர் யாருக்காவது பாதி விலைக்குப் போகும். பைக்குக்கு மட்டும் ஒரு ஏற்பாடும் இருக்காது. ஷெட்டில் ஒரு மூலைக்குத் தள்ளி, ஹேண்டில் லாக் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவீர்கள். "நிக்கிற வண்டிக்கு என்ன ஆகிடப் போகுது?"

ஜூலையில் காலேஜ் திறக்கும் வாரம் எங்கள் கேட்டுக்கு எதிரே இருக்கும் மெக்கானிக் கடையைப் பார்த்தால் பதில் தெரியும். தள்ளிக்கொண்டு வந்த வண்டிகள் ரோடு வரைக்கும் வரிசையாக நிற்கும். அந்த அண்ணன் ஒருமுறை சொன்னார்: "ஓட்டிக் கெட்ட வண்டி வருஷம் பூரா வரும் தம்பி. ஜூலைல வர்றதெல்லாம் நிறுத்திக் கெட்ட வண்டி."

நிறுத்திக் கெட்ட வண்டி. கேட்க வினோதமாக இருந்தாலும் எஞ்சினியரிங் படிக்கிற நமக்கு அது புரியாமல் போகக்கூடாது. எஞ்சினை ஆஃப் செய்தால் நிற்பது மெக்கானிக்ஸ் மட்டும்தான். கெமிஸ்ட்ரி நிற்காது. பேட்டரிக்குள் ரியாக்‌ஷன் போய்க்கொண்டே இருக்கும், பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும், இரும்பு துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். ஊருக்குக் கிளம்பும் முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இதில் முக்கால்வாசியைத் தடுத்துவிடலாம். எதற்கு என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

குளிர் நாடுகளில் இது ஒரு பெரிய சப்ஜெக்ட். அங்கே மோட்டர்ஹோம் வைத்திருப்பவர்கள், அதாவது படுக்கை, சமையலறை, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி வைத்திருப்பவர்கள், பனிக்காலம் முழுக்க அதை ஓட்டாமல் நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் உறைந்தால் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும், பைப் வெடித்துவிடும். அதனால் டேங்க்கையும் பைப்பையும் காலி செய்து, பிங்க் கலரில் ஒரு ஆன்டிஃப்ரீஸ் ஊற்றி வைப்பார்கள். பேட்டரியைக் கழற்றுவார்கள், டயர் பார்ப்பார்கள், எலி நுழையும் ஓட்டையை அடைப்பார்கள். நமக்குப் பனிப் பிரச்சினை கிடையாது. மற்ற எல்லாம் நம்ம 100 சிசி வண்டிக்கும் அப்படியே பொருந்தும். எதிரி மட்டும்தான் வேறு: அவர்களுக்குக் குளிர், நமக்கு வெயிலும் ஈரமும்.

முதலில் பேட்டரி

பேட்டரியில்தான் ரொம்ப நேரம் நிற்கப் போகிறேன். ஏனென்றால் ஜூலையில் தள்ளிக்கொண்டு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

பைக்கில் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி. ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். முழு சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.6-லிருந்து 12.8 வோல்ட் வரை காட்டும். 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அது கிட்டத்தட்டக் காலி. 'இன்னும் 12 இருக்கே' என்று நினைத்துவிடாதீர்கள், பெயரில்தான் 12.

எதையும் கனெக்ட் செய்யாமல் மேஜை மேல் வைத்தாலே இந்த பேட்டரி மெதுவாகச் சார்ஜ் இழக்கும். அதுதான் செல்ஃப் டிஸ்சார்ஜ். சாதாரண வெப்பநிலையில் மாசத்துக்குச் சில சதவீதம்தான். ஆனால் வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மே மாசம், தகரக் கூரை போட்ட ஷெட். மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அதைவிட முக்கியம். சாவியை எடுத்த பிறகும் வண்டி கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டேதான் இருக்கும். டிஜிட்டல் மீட்டரில் மணி ஓட வேண்டும், ஈசியூ மெமரி உயிரோடு இருக்க வேண்டும், அலாரமோ ஜிபிஎஸ் ட்ராக்கரோ மாட்டியிருந்தால் அதற்கும் தீனி போட வேண்டும். இது எவ்வளவு இருக்கும்? 2 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் ஒன்றுமே இல்லை. ஒரு சின்ன எல்ஈடி கூட இதைவிட அதிகம் எடுக்கும். இப்போது கணக்கு: 0.002 ஆம்பியர், ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 60 நாள். பெருக்கினால் 2.88 ஆம்பியர் ஹவர். உங்கள் பேட்டரியின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பல 100, 125 சிசி வண்டிகளில் 4 அல்லது 5 ஆம்பியர் ஹவர்தான் இருக்கும். அதில் பாதிக்கு மேல் மணி காட்டியே காலி. யாருமே பார்க்காத மணி.

உங்கள் வண்டி எவ்வளவு எடுக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நீங்களே அளக்கலாம். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மல்டிமீட்டரை சீரீஸில் வையுங்கள். முதலில் 10 ஆம்பியர் ரேஞ்ச், அதில் எதுவும் தெரியவில்லை என்றால் மில்லி ஆம்பியர் ரேஞ்ச். மீட்டர் மாட்டியிருக்கும்போது இக்னிஷன் ஆன் செய்யாதீர்கள், செல்ஃப் ஸ்டார்ட் பட்டன் பக்கமே போகாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும், லேப் அசிஸ்டென்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

'காலியானால் என்ன, வந்து சார்ஜ் போட்டுக்கலாம்' என்று தோன்றும். போன் பேட்டரியைப் பார்த்துப் பழகியதால் வரும் எண்ணம் இது. லெட் ஆசிட் பேட்டரி டிஸ்சார்ஜ் ஆகும்போது ரெண்டு ப்ளேட்டிலும் லெட் சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்து பழையபடி ஆகிவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அந்தச் சின்னச் சின்னக் கிரிஸ்டல்கள் பெரிதாகி இறுகிவிடும். அதற்குப் பிறகு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. சல்ஃபேஷன் என்பது இதுதான். சார்ஜரில் போட்டால் வோல்ட்டேஜ் ஏறின மாதிரி காட்டும், ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு முடிந்துவிடும். புதுசு வாங்க வேண்டியதுதான், ஆயிரத்துக்கு மேல் செலவு.

பழைய வண்டி என்றால் கிக்கர் இருக்கும், தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். இப்போது வரும் பல வண்டிகளில் கிக்கரே கிடையாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அதில் பெட்ரோல் பம்ப் ஓடவும், ஈசியூ விழிக்கவும், இன்ஜெக்டர் திறக்கவும் கரண்ட் வேண்டும். பேட்டரி சுத்தமாகச் செத்துவிட்டால் நாலு பேர் தள்ளினாலும் பிரயோஜனம் இல்லை. என் கிளாஸ்மேட் ஒருவன் ஆறு மாச இன்டர்ன்ஷிப் முடிந்து வந்த மறுநாள் காலையில் ஒரு இன்டர்வியூவுக்குக் கிளம்பினான். பார்மல் ஷர்ட்டோடு ஷெட்டிலிருந்து மெயின் கேட் வரை தள்ளிப் பார்த்துவிட்டு, வேர்வையில் நனைந்து ஷேர் ஆட்டோவில் போனான். அவன் அப்பா லோன் போட்டு வாங்கிக் கொடுத்த வண்டி அது, இன்னும் டியூ முடியவில்லை.

இதற்குச் செய்ய வேண்டியது ஐந்து நிமிஷ வேலை. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, வயர் நுனியில் ஒரு துணியோ இன்சுலேஷன் டேப்போ சுற்றி ஒதுக்கி வையுங்கள். முதலில் நெகட்டிவ்தான், இதில் வரிசை முக்கியம். வண்டியின் மொத்த பாடியும் நெகட்டிவோடு கனெக்ட் ஆகியிருக்கும். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் எங்கேயாவது பாடியில் பட்டால் நேர் ஷார்ட்தான், தீப்பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது தலைகீழ்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். ரெண்டு மாசத்துக்கு இது போதும். ஆறு மாசம் என்றால் பேட்டரியையே வெளியே எடுத்து, வீட்டில் இருக்கும் யாரிடமாவது கொடுத்து, ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லுங்கள். கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜர் வேண்டாம். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் என்பது பழைய, நம்பத் தகுந்த கணக்கு. 5 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர்.

"மச்சான், வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைடா"

எல்லோரும் சொல்லும் யோசனை இது. லோக்கலில் வீடு இருக்கிற ஒரு ஃப்ரெண்டிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை அஞ்சு நிமிஷம் எஞ்சினை ஓடவிடச் சொல்வது. நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் என் கருத்தில், சும்மா விடுவதைவிட இது மோசம்.

ஒரு சின்ன ஸ்டாய்கியோமெட்ரி போடலாம், ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரிதான். பெட்ரோலை ஆக்டேன் என்று வைத்துக்கொண்டால் 114 கிராம் எரிந்து 162 கிராம் தண்ணீர் வரும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது! ஓடும் வண்டியில் அது நீராவியாகச் சைலன்சர் வழியே போய்விடுவதால் நமக்குத் தெரிவதில்லை. எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடாவதற்கு முன்னால் நிறுத்தினால் அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராக நிற்கும். சைலன்சர் உள்ளிருந்து அரித்துப் போவது இப்படித்தான். கொஞ்சம் ஆவி பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழே இறங்கி எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். ஒரு நெடுந்தூர சவாரியில் அது ஆவியாகிப் போயிருக்கும், அஞ்சு நிமிஷ ஐடிலில் போகாது.

பேட்டரிக்கும் லாபம் இல்லை. செல்ஃப் ஸ்டார்ட்டர் ஒரே மூச்சில் பெரிய கரண்ட்டை இழுக்கும். ஐடிலில் ஓடும்போது திரும்பக் கிடைக்கும் சார்ஜ் மிகக் குறைவு. வாரத்துக்கு வாரம் நஷ்டக் கணக்குதான்.

அதனால் ஃப்ரெண்டிடம் சொல்வதாக இருந்தால், 'மாசம் ஒருமுறை, அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டு' என்று சொல்லுங்கள். அது முடியாது என்றால் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். நடுவில் ஒரு வழி இல்லை. ஓட்டப் போகிறவனிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். லைசென்ஸ் இல்லாதவனை ஓட்டவிட்டால் வண்டி ஓனர் மீதும் கேஸ் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 180-ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 5,000 ரூபாய். உங்கள் வண்டி அப்பா பெயரில் இருந்தால் அந்த ஓனர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்ரோல்: ஊற்றவா, காலி பண்ணவா?

பெட்ரோல் ஒரே பொருள் இல்லை, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் லேசானவை முதலில் ஆவியாகும். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆக உதவுவதே அந்த லேசானவைதான். மீதி இருப்பது காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு மெதுவாகச் சேர்ந்து பிசின் மாதிரி ஆகும்.

மூடிய டேங்க்கில் ரெண்டு மாசத்துக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. கார்ப்பரேட்டரில்தான் சிக்கல். கார்ப்பரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்தில் நிற்பது கொஞ்சூண்டு பெட்ரோல், அதுவும் காற்றோடு தொடர்பில் இருக்கும். அது சில வாரங்களில் காய்ந்து மஞ்சளாக ஒரு படலத்தை விட்டுப் போகும். பைலட் ஜெட்டின் ஓட்டை அரை மில்லிமீட்டரை விடச் சிறியது. அதை அடைக்க எவ்வளவு படலம் வேண்டும்? வண்டி சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், விட்டால் ஆஃப் ஆகும். கார்ப்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதற்கான வைத்தியம் எளிது. டேங்க்குக்கு அடியில் ஆன், ஆஃப், ரிசர்வ் என்று திருகும் நாப் இருக்கும். அதை ஆஃபில் போட்டுவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள், கிண்ணத்தில் இருப்பதைக் குடித்து முடித்துத் தானாக நிற்கும். அவ்வளவுதான். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு இந்த வேலையே இல்லை.

டேங்க் விஷயத்தில் ரெண்டு கட்சி உண்டு. நான் நிரப்பி வைக்கும் கட்சி. இரும்பு டேங்க்கில் பாதி காலியாக இருந்தால் மீதி இடத்தில் ஈரக்காற்று இருக்கும். பகலில் சூடாகி, ராத்திரியில் குளிரும்போது உள் சுவரில் வேர்க்கும், துரு அங்கே ஆரம்பிக்கும். நிரம்பிய டேங்க்கில் வேர்க்க இடமில்லை. கழுத்து வரை வேண்டாம், வெயிலில் பெட்ரோல் விரிவதற்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். 'மச்சி, யாராவது உறிஞ்சிட்டா?' என்பது நியாயமான பயம்தான். அதற்குப் பதில் காலி டேங்க் இல்லை, நல்ல இடத்தில் நிறுத்துவது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது பங்க்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும். ஒரு அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து கீழே தனி அடுக்காக இறங்கிவிடும். பேஸ் செபரேஷன். வண்டி பெட்ரோலை எடுப்பதும் கீழேயிருந்துதான். இதை வைத்து யூட்யூபில் நிறையப் பேர் பயமுறுத்துகிறார்கள். காற்றில் இருக்கும் ஈரம் மட்டும் ஒரு மூடிய டேங்க்கில் ரெண்டு மாசத்தில் இதைச் செய்துவிடாது. செய்யக்கூடியது மழைத் தண்ணீர். டேங்க் மூடியைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா, அதில் தேங்கும் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். அதில் மண் அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கி, மூடியின் பழைய ரப்பர் வழியாக உள்ளே கசியும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ஓட்டையை ஒரு மெல்லிய கம்பியால் சுத்தம் செய்து, மண்ணை வெளிப்பக்கம் துடைத்து எடுங்கள். இந்த ஒரு வேலையை யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

வண்டியை எங்கே விடுவது

ஷெட் இருந்தால் ஷெட். இல்லாதவர்கள், வெளியே ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள், அபார்ட்மெண்ட் படிக்கட்டுக்கு அடியில் தள்ளி வைப்பார்கள். மழை படாது, கண்ணுக்குத் தெரியாது, வாட்ச்மேனும் திட்ட மாட்டார். தயவுசெய்து அங்கே மட்டும் வேண்டாம். நிறைய கட்டடங்களில் ஈபி மீட்டர் பெட்டிகள் அதே இடத்தில்தான் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். ஒரு பொறி போதும். தீப்பிடித்தால் மேல் மாடியில் இருப்பவர்கள் இறங்கி வர இருக்கிற ஒரே வழியும் அந்தப் படிக்கட்டுதான். உங்கள் வண்டி போவதைப் பற்றி மட்டும் இல்லை இது.

மரத்தடியும் பெரிய உபகாரம் இல்லை. நிழல் கிடைக்கும், கூடவே காக்கா எச்சம் கிடைக்கும், வெயிலில் காய்ந்தால் பெயின்ட்டில் தழும்பு நிற்கும். காற்று அடித்தால் கிளை விழும். நவம்பர், டிசம்பர் லீவு என்றால் தாழ்வான இடத்தை மறந்துவிடுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை வண்டிகள் சீட் வரை தண்ணீரில் நின்றன என்று நியூஸில் பார்த்திருப்பீர்கள். அப்படி முழுகிய வண்டியைத் திரும்பி வந்த வேகத்தில் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். முழுகியதால் ஆன சேதத்தை விட ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதால் ஆன சேதம் அதிகமாக இருக்கும்.

சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில் போடுங்கள், பின் டயருக்கு ஓய்வு. ரெண்டு டயரிலும் கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்று நிரப்பிவிட்டுப் போங்கள். மாசத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாக இறங்கும். காற்றில்லாத டயர் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் ஓரத்தில் வெடிப்பு விடும்.

கவர் போடுவதானால் ஒரு விஷயம். பெருமழைக்கென்று விற்கும் பிளாஸ்டிக் கவர் வெளித் தண்ணீரை உள்ளே விடாது, உள் ஈரத்தை வெளியேயும் விடாது. வண்டியைக் கழுவிவிட்டு ஈரத்தோடு அதைப் போர்த்தினால் இட்லிப் பாத்திரம்தான். கழுவி, ஒரு நாள் காயவிட்டு, ஓட்டி, பிறகு போர்த்துங்கள். கூரைக்குக் கீழே என்றால் பழைய காட்டன் பெட்ஷீட்டே போதும். செயினைத் துடைத்து லூப் அடிப்பது, ஆயில் மாற்றும் தேதி நெருங்கியிருந்தால் போகும் முன்பே மாற்றிவிடுவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

எலிதான் தெரியாத எதிரி. வயரின் மேலுறையைக் கடிக்கும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் குடும்பம் நடத்தும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் சிப்ஸ் பாக்கெட், பாதி சாப்பிட்ட பிஸ்கெட் எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாப்தலீன் உருண்டை கொஞ்ச நாள் வேலை செய்யும், பிறகு ஆவியாகிவிடும். அதை நம்பி இருக்க வேண்டாம். சைலன்சர் வாயை ஒரு துணி உருண்டையால் அடைப்பது நல்லது, எலியும் பூச்சியும் ஈரமும் உள்ளே போகாது.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு விதி வேறு. லித்தியம் அயன் பேட்டரிக்கு நிரம்பிய வயிறும் ஆகாது, காலி வயிறும் ஆகாது. 100 சதவீதத்தில் வைத்து வெயிலில் விட்டால் சீக்கிரம் கிழடு தட்டும். 5 சதவீதத்தில் விட்டுப் போனால் பேட்டரி மேனேஜ்மென்ட் சர்க்யூட்டே மீதியைக் குடித்துவிடும், ஒரு அளவுக்குக் கீழே போன செல் பிறகு சார்ஜ் ஏற்காது. 50, 60 சதவீதத்தில் நிறுத்தி, நிழலில் விடுங்கள். சார்ஜரை மாட்டியே விட்டுப் போகாதீர்கள்.

காகிதங்கள்

திருட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. ஹேண்டில் லாக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நல்ல செயின் வாங்கி, சக்கரத்தையோ ஃப்ரேமையோ அசையாத ஒரு தூணோடு சேர்த்துப் பூட்டுங்கள். ஒரிஜினல் ஆர்சியை சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவது, திருடனுக்கு வண்டியோடு டாக்குமெண்ட்டும் கொடுப்பது மாதிரி.

ஆனால் இன்சூரன்ஸை ஒருமுறை எடுத்துப் படியுங்கள், இதில் பலருக்குத் தெரியாத ஒரு ஓட்டை இருக்கிறது. 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு வாங்கிய புது டூ வீலருக்கு ஐந்து வருஷத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். அதனால் செகண்ட் இயரில் வாங்கிய வண்டிக்கு இன்னும் வேலிடிட்டி இருப்பதாகவே தெரியும், போலீஸ் செக்கிங்கிலும் பிரச்சினை வராது. ஆனால் தேர்டு பார்ட்டி என்பது உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்தான். உங்கள் வண்டி திருடு போனாலோ, வெள்ளத்தில் முழுகினாலோ, எரிந்தாலோ பணம் தருவது ஓன் டேமேஜ் என்ற இன்னொரு பகுதி. அதைப் பலர் முதல் வருஷத்துக்கு மட்டும் எடுத்திருப்பார்கள். அது முடிந்துபோனதே தெரியாமல் இருக்கும். பேப்பரில் ரெண்டு தேதிகள் தனித்தனியாக இருக்கும், ரெண்டையும் பாருங்கள். இன்னொன்று: திருட்டு க்ளெய்மில் எஃப்ஐஆரோடு ரெண்டு சாவியையும் கேட்பார்கள். ஸ்பேர் சாவி எங்கே என்று இன்றைக்கே வீட்டில் போன் போட்டுக் கேளுங்கள்.

திரும்பி வந்ததும்

பையை ரூமில் போட்ட கையோடு ஸ்டார்ட் பட்டனுக்குப் போகாதீர்கள். முதலில் வண்டியைச் சுற்றி ஒரு நடை. கீழே ஆயில் கறை இருக்கிறதா, பெட்ரோல் வாசனை வருகிறதா, எங்கேயாவது கடித்த வயர் தெரிகிறதா. பெட்ரோல் வாசனை வந்தால் பேட்டரியை மாட்டவே வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எல்லாம் சரி என்றால் பேட்டரியை மாட்டி, ஆயில் அளவு பார்த்து, கிக்கர் இருந்தால் சாவி போடாமல் அஞ்சாறு முறை மிதியுங்கள். ரெண்டு மாசமாகக் கீழே இறங்கித் தேங்கிய ஆயில் மேலே போகட்டும். டிஸ்க்கில் செம்பழுப்பாகத் துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், நாலு முறை பிரேக் பிடித்தால் தேய்ந்து போய்விடும். ஆனால் அந்த நாலு முறையை கேம்பஸுக்குள்ளேயே பிடித்துப் பாருங்கள், ஜிஎஸ்டி ரோட்டில் இல்லை. ஆறு மாசம் நின்ற வண்டி என்றால் முதல் வேலையாகப் புதுப் பெட்ரோல் ரெண்டு லிட்டர் ஊற்றிப் பழையதோடு கலந்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன வேலை, இதை ஊருக்குப் போகும் முன்பே செய்ய வேண்டும். ஒரு துண்டுச் சீட்டில் என்னென்ன கழற்றினீர்கள், எதை மூடினீர்கள் என்று எழுதி சாவிக்கொத்தில் கட்டிவிடுங்கள்: 'நெகட்டிவ் வயர், பெட்ரோல் நாப், சைலன்சர் துணி.' ரெண்டு மாசத்தில் எல்லாம் மறந்துபோகும். போன ஜூலையில் ஒருவன் 'செல்ஃப் சுத்துது, எஞ்சின் எடுக்கல' என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் அண்ணனிடம் போனான். அவர் பிளக்கைப் பார்க்கவில்லை, கார்ப்பரேட்டரையும் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய்ச் சைலன்சருக்குள் ரெண்டு விரலை விட்டு, ஒரு பழைய பனியனை உருவிக் கையில் கொடுத்தார்.